மும்பாய்க் கரையால் ஒரு நாள் நடந்தது

மாதுங்கா, மும்பாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்த நகரத்துக் கடலைப் பற்றி எழுதும்படி கேட்டிருந்தீர்கள். பௌர்ணமிக்கு மறுநாள் விடுமுறையாக வாய்த்ததால், என்னோடு வேலை செய்யும் தாராவித் தமிழ் அக்காவும் நானும் விடியற்காலையில் சிவ்ரியில் தொடங்கி, கிழக்குக் கரையால் தெற்கே போய், கொலாபாவில் திரும்பி, மேற்குக் கரையால் மாஹிம் வரை இருட்டும்வரை நடந்தோம். 30 கிலோமீற்றர் இருக்கும்.

நம் யாழ்ப்பாணக் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றர்கூட வராது; இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நாலு மீற்றர் வரை ஏறி இறங்குகிறது. நாங்கள் சிவ்ரிக்குப் போன வேளை வற்று. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு கிடக்க, அதன் விளிம்பில், மன்னாரில் நாம் பார்த்த அதே பூநாரைகள் கூட்டங்கூட்டமாக அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து இரை தேடின. அவற்றுக்கு அப்பால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகளும், 2024 ஜனவரியில் திறந்த 21.8 கிலோமீற்றர் நீளமான அடல் சேது என்ற கடற்பாலமும் தெரிந்தன.

அங்கிருந்து தெற்கே, கடல் பக்கத்திலேயே இருந்தும் எங்கள் கண்ணில் படவில்லை. துறைமுக மதில், கிட்டங்கி, லொறி வரிசை, மறுபடியும் மதில். பழைய கப்பல்களை உடைக்கும் தாருகானாவில் மட்டும் கடைகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம். ஆள் தொடை மொத்தத்தில் துருவேறிய நங்கூரச் சங்கிலிகளும், வட்டக் கண்ணாடி சன்னல்களும், கப்பலின் பெயர் பாதி அழிந்த மிதவை வளையங்களும் தெருவரை குவிந்திருந்தன. இன்னும் சற்றுத் தெற்கேதான் 1944 ஏப்ரல் 14இல், பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒன்றாக ஏற்றி வந்த கப்பல் விக்டோரியா டொக்கில் தீப்பற்றி வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். தீயை அணைக்கப் போய் உயிர்விட்டவர்களை நினைத்து இந்தியா முழுவதும் இன்றும் அந்நாளைக் கடைப்பிடிக்கிறார்கள்.

யுத்தத்தால் சீமெந்துத் தொழிற்சாலையை விட்டு 1990இல் இடம்பெயர்ந்தபின், காங்கேசன்துறைக் கரைக்குக் கிட்டப் போகவும் முடியாமல் நீங்கள் பட்ட வேதனையைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆகையால், ஒரு கரையை மதில் மறைத்திருப்பதைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இங்கே காரணம் யுத்தமல்ல, வியாபாரம் என்பது தெரியும். இந்த நகரம் நூற்றைம்பது வருடமாக உண்பதில் பெரும்பங்கு இக்கரையின் உழைப்பு. அப்படியிருந்தும், அதில் பாரம் சுமப்பவர்களின் பிள்ளைகள் வந்து கடலைப் பார்த்து நிற்க ஓர் இடம் விட்டிருக்கலாம்.

நண்பகலில் சசூன் டொக்கை அடைந்தோம். 1875இல் திறந்த அந்த மீன்பிடித் துறையில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து இறால் உரிக்கிறார்கள். ஐஸ் தண்ணீரில் விரல்நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. தலையைக் கிள்ளி, ஓட்டை ஒரே இழுப்பில் கழற்றிக் கூடையில் போடுகிறார்கள், கண் எங்களைப் பார்க்க, வாய் பக்கத்தில் இருப்பவரோடு பேச.

மரைன் டிரைவைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், அதனால் விரித்து எழுதவில்லை. அப்போது கடல் பெருகி, கரையிலிட்ட சீமெந்துக் கற்களின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்திருந்தது. மாலையில் ஹாஜி அலியை அடைந்தபோது நீர் வடிந்து, பெருக்கில் மூழ்கும் நடைபாதை வெளியே வந்து, தர்காவுக்குச் சனம் நிரையாகப் போய்க்கொண்டிருந்தது. தாதரில் அம்பேத்கரைத் தகனம் செய்த சைத்தியபூமியின் பக்கத்தில் மணலில் இறங்கினோம். பிளாஸ்திக் குப்பை நிறைய ஒதுங்கியிருந்தாலும், அங்கே யாரும் யாரையும் தடுப்பதில்லை. வேலை முடிந்து வந்த குடும்பங்கள் சேலையை விரித்து உட்கார்ந்திருந்தன.

மாஹிமில் மித்தி ஆறு கழிமுகத்தில் கறுப்பாகக் கலக்கிறது. அக்காவின் தாத்தா திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த காலத்தில், தாராவியின் ஒரு பகுதி அந்தக் கழியோரத்து மீனவர் ஊராகவே இருந்ததாம். இன்று அங்கே மீனவர் குடியிருப்பு என்று பொருள்படும் கோளிவாடா என்ற பெயர் இருக்கிறது, வள்ளம் கட்டக் கரை இல்லை. இரவு அக்கா வீட்டில் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டேன்.

காங்கேசன்துறை வெளிச்சவீட்டுப் பக்கம் கரையால் இப்போது எதுவரை நடக்க விடுகிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு வரும்போது, கீரிமலையில் தொடங்கி விடும் தூரம்வரை நாமிருவரும் நடந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்