பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டாச்சு, பாக்கெட்டை யாரு கேக்கது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க ஊரு சுசீந்திரம் பக்கம், கால்வாய் தண்ணியிலதான் எங்க வயல் விளையுது. போன வாரம் நல்ல மழை, ஆனா எங்க வயலுக்கு மட்டும் தண்ணி வரல, போய் பாத்தா மடை அடைச்சு கிடக்கு. என் தம்பி இறங்கி கைய விட்டு இழுத்தான், ஆகாயத்தாமரை வேரோட பின்னிக்கிட்டு ஒரு பெரிய கட்டியா வந்துச்சு. கரையில போட்டு பிரிச்சு பாத்தோம், சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், மிக்சர் கவர், மசாலா கவர், பால் கவர்ல மூலைய வெட்டி போடுவோம்லா அந்த முக்கோண துண்டு அது மட்டும் ஒரு கை நிறைய இருந்துச்சு. கடையில சாமான் போட்டு குடுக்குற கேரி பை ரெண்டோ மூணோதான். அத பாத்த பிறகு எழுதாம இருக்க முடியல.

தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1ல இருந்துதான் பிளாஸ்டிக் தடை, ஆனா அதுக்கு பல வருசம் முன்னாலயே நம்ம குமரி மாவட்டத்துல கலெக்டர் உத்தரவுல பிளாஸ்டிக் பைய நிறுத்தினாங்க, எல்லாரும் துணிப்பைய தூக்கிட்டு சந்தைக்கு போனோம், அது நமக்கு பெருமைதான். ஆனா பைதான் போச்சு, பைக்குள்ள வர்ற பாக்கெட் போகல. கம்பெனியிலயே சீல் பண்ணி வர்ற கவருக்கு முதல்ல விலக்கு குடுத்திருந்தாங்க, 2020ல அந்த விலக்கையும் எடுத்தாச்சு, ஆனாலும் இன்னைக்கும் எந்த பெட்டிக்கடைக்கு போனாலும் சரம் சரமா தொங்குது.

இந்த பளபளன்னு இருக்குற கவர்தான் பெரிய தலைவலி. உள்ள வெள்ளி மாதிரி ஒரு படலம், அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக், அதுக்கும் மேல ஒண்ணு, எல்லாத்தையும் சேர்த்து ஒட்டியிருக்கும், திரும்ப பிரிக்க முடியாது, அதனால காசும் கிடையாது. பழைய சாமான் எடுக்குற ஆக்கர் கடை அண்ணன் வீட்டுக்கு வரும்போது நான் ஒரு சாக்கு நிறைய சேர்த்து வச்சு குடுத்தேன், "எக்கா, பாட்டில் இருந்தா தாங்க, அட்டை இருந்தா தாங்க, இது ஆரும் எடுக்க மாட்டாங்க"ன்னு அப்படியே திருப்பி வச்சுட்டு போயிட்டாரு. அவரை குத்தம் சொல்லி என்ன செய்ய. கடைசியில வீட்டுக்கு பின்னால கூட்டி தீ வைக்காங்க, இல்ல கால்வாய்ல போடுறாங்க, கால்வாய்ல இருந்து பழையாறு, அங்க இருந்து மணக்குடி பொழி, பிறகு கடல்.

2016ல வந்த மத்திய அரசு விதியில மறுசுழற்சி பண்ண முடியாத இந்த மாதிரி பல அடுக்கு கவரை 2 வருசத்துல நிறுத்தணும்னு எழுதியிருந்தாங்க. சரியா 2018ல அத திருத்தி, மறுசுழற்சியும் ஆகாது, எரிச்சு சூடும் எடுக்க முடியாது, வேற எதுக்கும் உதவாதுன்னா மட்டும் நிறுத்தினா போதும்னு மாத்திட்டாங்க. எரியாத பிளாஸ்டிக் எங்க இருக்கு சொல்லுங்க, அந்த ஒரு வரியில எல்லா கவரும் தப்பிச்சுட்டு. வித்த கம்பெனிதான் கவருக்கு பொறுப்புன்னு 2022லயும் விதிமுறை வந்திருக்கு, ஆனா எங்க தெருவுக்கு காலி கவர் கேட்டு ஒருத்தரும் வந்ததில்ல.

நான் கேக்கது இதுதான். பெட்டிக்கடைக்கு வாரம் தவறாம சரக்கு இறக்க கம்பெனி வண்டி வருது, இறக்கிட்டு காலியாதான் திரும்பி போகுது, அதே வண்டியில காலி கவரை ஏத்திட்டு போக வைக்கணும், அதுக்கு மாவட்ட நிர்வாகம் கடைக்கு ஒரு சாக்கு வச்சு கணக்கு கேக்கணும். கேரளாவுல நீண்டகரையில மீனவங்க வலையில மாட்டுற பிளாஸ்டிக்க கரைக்கு கொண்டு வந்து, அத பொடியாக்கி ரோடு போட குடுக்குற திட்டம் 2017லயே ஆரம்பிச்சாச்சு, குளச்சல், முட்டம், சின்னமுட்டம் துறைமுகத்துலயும் அத செய்யலாம்லா.

நாகர்கோவில், மார்த்தாண்டம் சிப்ஸ் கடைக்காரங்க கிட்டயும் ஒரு வார்த்தை. நேந்திரங்காய் சிப்ஸ் உங்க கண் முன்னாடி சட்டியில இருந்து கோரி எடுத்து தராசுல போடுறது, அத எதுக்கு கவர்ல போட்டு சீல் வைக்கணும்? நான் டப்பா கொண்டு போனேன், ஒரு கடையில "அளவு வராது"ன்னு சொல்லிட்டாங்க, இன்னொரு கடை அண்ணாச்சி டப்பாவ முதல்ல எடை போட்டு, பிறகு சிப்ஸ போட்டு, நிமிசத்துல குடுத்துட்டாரு. நம்ம ஊர்ல கருப்பட்டி ஓலைப்பெட்டியிலயும் மீன் வட்டயிலையிலயும் பொதிஞ்சுதான் வந்துச்சு, அத பாத்தவங்க இன்னும் நெறைய பேரு இருக்கோம்.

பிறகு ஒண்ணு, பால் கவர் வெட்டும்போது மூலைய முழுசா வெட்டி எடுக்காம ஓரத்துல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்க மாதிரி வெட்டுங்க. கவரை கழுவி காய வச்சா ஆக்கர் கடைக்காரர் எடுத்துக்குவாரு, அந்த சின்ன துண்டு தனியா விழுந்துச்சுன்னா அத பொறுக்க ஆளு கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுசீந்திரம்