செவ்வாய்க்கிழமைச் சுண்டல் வேகவில்லை: அங்கன்வாடி மையத்துக்கு ஒரு குக்கர் கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்:
அங்கன்வாடிக் குழந்தை ஒன்றின் பாட்டி,
மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர்,
வடக்குத் தெரு.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்.

பொருள்: எங்கள் தெரு அங்கன்வாடி மையத்துக்குப் பிரஷர் குக்கரும், நல்ல தண்ணீர்க் குழாய் இணைப்பும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். போன ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைந்தபோது நீங்கள் நேரில் வந்து ஒரு வேப்பமரத்தடியில் நின்று பார்த்தீர்கள். அந்த மரத்துக்குப் பின்னால், ரேஷன் கடையை ஒட்டியிருக்கும் ஓட்டுக் கட்டடம்தான் எங்கள் அங்கன்வாடி மையம். 22 பிள்ளைகள் வருகிறார்கள். என் பேத்தியும் ஒருத்தி, நாலு வயது. அவளுடைய அம்மா மில் வேலைக்குப் போவதால் கூட்டிக்கொண்டு போவதும் வருவதும் நான்தான். கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டு வருகிறேன்.

1. முதல் மனுவை ஆடி மாதம் கொடுத்தேன். நடவடிக்கை எடுக்கப்பட்டு வருவதாக ஒரு கடிதம் வந்தது. இரண்டாவது மனுவுக்கு ரசீது மட்டும் கிடைத்தது. மூன்றாவதற்கு அதுவும் இல்லை.

2. செவ்வாய்க்கிழமைதோறும் மையத்தில் பிள்ளை ஒன்றுக்கு 20 கிராம் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ அவித்துத் தர வேண்டும். 20 கிராம் என்றால் ஒரு சின்னக் கைப்பிடிதான். ஆனால் அந்தக் கைப்பிடிக்குள் ஏறத்தாழ 4 கிராம் புரதம் இருக்கிறது. முட்டையில் 6 கிராம். நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 16 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் அன்றைய தேவையில் கால்வாசி இந்தச் சுண்டலிலேயே கிடைத்துவிடும். கூடவே இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், நார்ச்சத்து எல்லாம் இருக்கின்றன. புரதத்தில் இருக்க வேண்டிய லைசின் என்கிற சத்து அரிசிச் சோற்றில் குறைவு, கடலையில் அது நிறைய. கடலையில் குறைகிற மெத்தியோனின் என்கிற இன்னொரு புரதச் சத்தை அரிசி ஈடுகட்டும். அதனால்தான் சோற்றோடு சுண்டலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். புரட்டாசியில் எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் முட்டையைத் தொடுவதில்லை. அந்த மாதம் முழுக்க அவர்களுக்குக் கடலையும் பயறும்தான் துணை.

3. கடலை வரவில்லை என்று நான் சொல்லவில்லை. மாதாமாதம் சரியாக வருகிறது, எடையும் சரியாக இருக்கிறது. அது வேகவில்லை என்பதுதான் என் குறை. மையத்துக் குக்கரின் பிடி உடைந்து, ரப்பர் தளர்ந்து, வால்வு போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அலமாரியில் கிடக்கிறது. அது இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளாம், அதைக் கழிவு செய்து, அதாவது கணக்கிலிருந்து நீக்கி, உத்தரவு வந்தால்தான் புதியது கேட்க முடியுமாம். அந்த உத்தரவு எந்த மேசையில் இருக்கிறதோ எங்களுக்குத் தெரியவில்லை. அதுவரை அலுமினியப் பாத்திரத்தில் போட்டுத் தட்டை வைத்து மூடி வேகவைக்கிறார்கள். மையத்துத் தண்ணீரோ போர் தண்ணீர், சோப்புப் போட்டால் நுரை வராது. அந்த உப்புத் தண்ணீரில் கடலை மெத்தென்று வேகாது அம்மா. எனக்குத் தொழிலே சுண்டல்தான். பேருந்து நிறுத்தத்தில் பத்தொன்பது வருடமாகச் சாயங்காலக் கடை போடுகிறேன். முதல் நாள் இரவே நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, குக்கரில் உப்புச் சேர்த்து ஆறு விசில் விட்டால் பூப்போல வெந்துவிடும். திறந்த பாத்திரத்தில் போர் தண்ணீரை ஊற்றி ஒன்றரை மணி நேரம் கொதித்தாலும் தோல் கழன்று மிதக்கும், உள்ளே பருப்பு அப்படியே நிற்கும். அதற்குள் எரிவாயு நிறையக் கரைந்துவிடும். உதவியாளர் பாவம், வாரத்தில் மற்ற நாள் சமையலுக்கு எரிவாயு வேண்டுமே என்று அடுப்பை அணைத்துவிடுகிறார். அவர் மேல் குறை சொல்வதற்காக இந்த மனு இல்லை, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மையத்தைப் பூட்டுவதற்கு முன்னால் மறக்காமல் கடலையை ஊறப்போட்டுவிட்டுத்தான் அந்த அம்மாள் வீட்டுக்குப் போகிறார்.

ஒரு வாரம் ஆப்பசோடா போட்டுப் பார்த்தார்கள். கடலை மெத்தென்று ஆனது, ஆனால் சோடா போட்டால் தயமின் என்கிற பி1 சத்து அழிந்துவிடும். காசுக்கு விற்கும் என் கடையிலேயே நான் சோடா போடுவதில்லை, பச்சைப் பிள்ளைகளுக்கு அதைப் போடுவது என்ன நியாயம்? வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

4. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பேத்தியைக் கூட்டிவரப் போனேன். அவள் எதுவும் பேசவில்லை, ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. பல்வலியோ என்று பயந்துவிட்டேன். வாயைத் திறக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துக் கையை நீட்டினேன், ஒவ்வொன்றாகத் துப்பினாள். பதினோரு கடலை. பல் பதிந்திருந்தது, உடையவில்லை. "கீழே துப்புனா டீச்சர் வருத்தப்படுவாங்க பாட்டி, முழுங்கினா தொண்டையில மாட்டுது" என்றாள். மதியத்திலிருந்து மூன்று மணி வரைக்கும் அதை வாயிலேயே அடக்கி வைத்திருந்திருக்கிறாள், அம்மா. வாயில் கடலையோடு பாய் போட்டுத் தூங்கியிருக்கிறாள். தூக்கத்தில் ஒன்று உள்ளே நழுவி மூச்சுக்குழலை அடைத்திருந்தால்? அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. அந்தப் பதினோரு கடலையையும் காகிதத்தில் மடித்துச் சாமி மாடத்தில் வைத்துவிட்டேன், தூக்கிப் போட மனசு வரவில்லை.

இவள் எடை, வயதுக்குக் குறைவு என்று காட்டும் மஞ்சள் கோட்டில் இருக்கிறது. மாதாமாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். புள்ளி மேலே ஏற வேண்டுமானால் பிள்ளை சாப்பிட வேண்டும், சாப்பிட வேண்டுமானால் அது வெந்திருக்க வேண்டும். இதற்கு மேல் இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

5. நீயே ஒரு குக்கர் வாங்கிக் கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் பழைய குக்கரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிப் பொருளை வைத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று திருப்பிவிட்டார்கள். சரி, என் வீட்டிலேயே அவித்துத் தருகிறேன் என்று நாலு வாரம் செய்தேன். அந்த நாலு செவ்வாயும் தட்டில் ஒரு கடலை மிஞ்சவில்லை. அப்புறம், வெளியில் சமைத்ததை மையத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்றார்கள். அந்த விதி சரியான விதிதான், பிள்ளைகள் விஷயத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். நான் நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் செப்டம்பரில் ஊட்டச்சத்து மாதம் கொண்டாடினார்கள் அம்மா. மேசை போட்டு, வாழையிலை விரித்து, முளைகட்டிய பயறு, சுண்டல், கேழ்வரகுக் கொழுக்கட்டை எல்லாம் வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தச் சுண்டலை அவித்துக் கொடுத்தது நான். என் வீட்டு அடுப்பில், என் குக்கரில். முதல் நாள் சாயங்காலம் ஆள் அனுப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். லைசினும் மெத்தியோனினும் அன்றைக்கு அங்கே மைக்கில் பேசியதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். படம் எடுக்க வெந்த கடலை வேண்டும், பிள்ளை தின்ன வேகாத கடலை போதுமா? கோபத்தில் எழுதிவிட்டேன். மன்னிக்கவும். ஆனால் இதை அழிக்க மாட்டேன்.

6. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வந்தபோதே 3 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு அங்கன்வாடியில் நாளொன்றுக்கு 12 முதல் 15 கிராம் புரதம் தர வேண்டும் என்றது. பை நிறையக் கடலையைக் கொண்டுவந்து இறக்கினால் அந்தச் சட்டம் நிறைவேறிவிடுமா? பிள்ளையின் வயிற்றுக்குள் அல்லவா போக வேண்டும்!

7. 1982-ல் சத்துணவு தொடங்கியபோது தட்டேந்தி நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அரசாங்கச் சோற்றில் வளர்ந்த உடம்பு இது. அதனால்தான் விட்டுவிட மனசு வரவில்லை.

ஆகவே அம்மா, ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று போதும். 22 பிள்ளைகளுக்கு நானூற்று நாற்பது கிராம் கடலைதான், ஒரே தடவையில் வெந்துவிடும். பழைய குக்கரைக் கழிவு செய்யும் உத்தரவில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ரேஷன் கடை வாசல் வரைக்கும் குடிநீர்க் குழாய் வந்திருக்கிறது, அங்கிருந்து மையத்துக்கு இருபது அடிகூட இல்லை. அந்த இணைப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள். குக்கர் வரும் வரைக்கும் கொண்டைக்கடலைக்குப் பதிலாகப் பாசிப்பயறு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். பயறு திறந்த பாத்திரத்திலும் வெந்துவிடும், புரதமும் கடலையைவிடக் குறைவில்லை. இதற்குப் பணம்கூடத் தேவையில்லை, ஒரு வரி உத்தரவு போதும். குக்கர் தாருங்கள் அம்மா. கையெடுத்துக் கேட்கிறேன்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு, சொல்லாமல் வாருங்கள். பாத்திரத்திலிருந்து ஒரு கடலையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

உடன் கையொப்பமிட்டோர்: மையத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் 17 பேர்.

இணைப்பு: முதல் மனுவுக்கு வந்த கடிதத்தின் நகல், இரண்டாவது மனுவின் ரசீது நகல், பேத்தியின் எடை அட்டை நகல்.