குழிய மூடுறதுக்கு முன்னாடி அளந்து வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில ரோடு தோண்டுறத பத்தி அடிக்கடி செய்தி வருது, ஆனா பெரும்பாலும் டிராபிக், தூசி, புது ரோட்ட வெட்டிட்டாங்கன்னு மேல தெரியுறதோட நின்னுடுது. மண்ணுக்குள்ள நடக்கறத பத்தியும் கொஞ்சம் எழுதுங்க சார்.

நாங்க இருக்கறது பெரம்பூர் பக்கம், குறுகலான தெரு. அதுக்குள்ள குடிநீர் பைப், பாதாள சாக்கடை, மழைநீர் வடிகால், ஈபி கேபிள், அப்புறம் தனியார் கம்பெனிங்களோட ஃபைபர் கேபிள் எல்லாம் போகுது. ஒவ்வொண்ணுக்கும் தனி டெண்டர், தனி கான்ட்ராக்டர், அடுத்தவங்க லைன் எத்தனை அடி ஆழத்துல போகுதுன்னு தோண்ட வர்றவங்க யாருக்கும் தெரியாது. போன வருஷம் ஜேசிபி வச்சு தோண்டினப்ப ஒரு வீட்டோட சாக்கடை கனெக்‌ஷன் உடைஞ்சு போச்சு, மண்ண தள்ளி மூடிட்டு போயிட்டாங்க. கொஞ்ச நாள்லயே பக்கத்து வீடுகள்ல குழாய் தண்ணி கருப்பா நாத்தத்தோட வர ஆரம்பிச்சுது. நம்ம ஊர்ல குழாய்ல நாள் பூரா தண்ணி ஓடாது, பம்பிங் நின்னதும் பைப்ல பிரஷர் போயிடும், அப்ப ஜாயின்ட்ல சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிய தேங்கி நிக்கிற சாக்கடைய உள்ள இழுத்துக்கும், அடுத்து தண்ணி விடும்போது மொதல்ல நம்ம குடத்துல விழறது அதுதான். எங்க உடைஞ்சுதுன்னு கண்டுபிடிக்க திரும்பவும் பல எடத்துல தோண்டினாங்க.

கரண்ட் கேபிள் விஷயம் இதவிட பயம். கேபிள் பதிக்கும்போது மணல் போட்டு மேல செங்கல் அடுக்குவாங்க, பின்னால தோண்டுறவர் கடப்பாரைல செங்கல் தட்டுப்பட்டா கீழ லைன் இருக்குன்னு உஷாராயிடுவார். நடுவுல வேற ஒரு வேலைக்கு தோண்டினவங்க செங்கல எடுத்து போட்டுட்டு கட்டட இடிபாட்டை கொட்டி மூடிட்டா அடுத்து வர்ற தொழிலாளிக்கு எந்த அடையாளமும் இருக்காது. உயிர் போறது அவருக்குத்தான்.

2014ல தைவான் நாட்டு காவ்சியுங் நகரத்துல பெரிய வெடிவிபத்து நடந்துச்சு, 32 பேர் செத்தாங்க, முந்நூறு பேருக்கு மேல காயம். ரோட்டுக்கு அடியில மழைநீர் வடிகாலுக்குள்ளயே புரோப்பிலீன்ங்கற எரியக்கூடிய கேஸ் பைப் போயிருக்கு. வருஷக்கணக்கா ஈரத்துல அரிச்சு அரிச்சு கடைசியில கசிஞ்சு, வடிகால் வழியா கேஸ் பரவி ரோடே வெடிச்சு பொளந்துடுச்சு. எங்க ஏரியா வடிகால்லயும் சுவத்த ஓட்டை போட்டு குடிநீர் பைப்பும் கேபிளும் குறுக்க போகுது, பிளாஸ்டிக் குப்பை அதுல சிக்கி தண்ணி நிக்குது. இப்ப சென்னையில வீட்டுக்கு குழாய் கேஸும் வந்துட்டு இருக்கு, அதனாலதான் இத இப்பவே சொல்றேன்.

2023 மார்ச்ல மத்திய அரசு 'கால் பிஃபோர் யு டிக்'னு ஒரு ஆப் கொண்டு வந்தாங்க, தோண்டப்போற எடத்த அதுல போட்டா அங்க லைன் வச்சிருக்கறவங்களுக்கு தகவல் போகும். நல்ல ஏற்பாடுதான், ஆனா பழைய லைன் எங்க இருக்குன்னு அந்த துறைக்கே சரியா தெரியலன்னா தகவல் போயி என்ன பண்றது? பெங்களூர்ல ரெசிடென்சி ரோடு மாதிரி சில ரோட்டுல பிளாட்பாரத்துக்கு அடியில டக்ட், அதாவது கேபிள் போறதுக்கு தனி குழாய் வழி, வச்சு கட்டியிருக்காங்க, கேபிள் போட ரோட்ட வெட்ட வேண்டாம். எங்க தெரு மாதிரி சின்ன தெருவுல அதுக்கு எடமே கிடையாது.

செலவில்லாத ஒரு வழி இருக்கு. யார் குழி தோண்டினாலும் மூடுறதுக்கு முன்னாடி உள்ள தெரியுற ஒவ்வொரு லைனும் எவ்வளவு ஆழம், காம்பவுண்டு சுவர்ல இருந்து எத்தனை அடின்னு டேப் வச்சு அளந்து, போட்டோ எடுத்து, வார்டு ஆபீஸ்ல ஒரே மேப்புல ஏத்தணும். அத குடுத்தாதான் கான்ட்ராக்டருக்கு பில் பாஸ் ஆகணும். புது ரோடு போடறதுக்கு முன்னாடி எல்லா துறை ஏ.இ.யும் (உதவிப் பொறியாளர்) 'எங்க வேலை முடிஞ்சுது'ன்னு கையெழுத்து போடணும். வருஷா வருஷம் மழைக்காலத்துல ரோடு வெட்ட மாநகராட்சி தடை போடறாங்க இல்லையா, அந்த சமயத்துல இவங்கள எல்லாம் ஒண்ணா உக்கார வச்சு எந்த தெருவுல யார் மொதல்ல தோண்டணும், யார் கடைசின்னு அடுத்த வருஷ பட்டியலை முடிவு பண்ணி வார்டு ஆபீஸ் வாசல்ல ஒட்டச் சொல்லுங்க.

இப்படிக்கு,
பெரம்பூர் வாசகர்,
சென்னை