கிணற்று வவ்வாலை விட்டுவிடு, அம்மிணி

கொழிஞ்சாம்பாறை

அன்பு அம்மிணிக்கு,

நீ அனுப்பிய நிபா நாவலின் ஐந்து அத்தியாயங்களையும் அம்மாவும் நானும் படித்துவிட்டோம். நன்றாக ஓடுகிறது. ஆனால் உன் டாக்டர் கிணற்றில் இறங்கி ஒரு வவ்வாலைப் பிடித்து, அன்று சாயங்காலமே "நோய்க்குக் காரணம் இதுதான்" என்கிறாளே, அந்த இடத்தை மாற்று.

2018 மே மாதம் கோழிக்கோடு பக்கம் பேராம்பிராவில், வவ்வாலிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நிபா வைரஸ் வந்தபோது எல்லார் கண்ணும் ஒரு கிணற்று வவ்வால்கள் மேல்தான் போனது. போபால் ஆய்வகத்தில் பார்த்தபோது அவற்றில் வைரஸ் இல்லை. அவை பூச்சி தின்னும் சிறு வவ்வால்கள். நிபாவைச் சுமப்பது பழந்தின்னி வவ்வால். பிறகு பிடித்த 52 பழந்தின்னிகளில் 10இல் வைரஸ் இருந்தது. அப்படியும் முதல் நோயாளிக்கு அது எப்படி வந்தது என்பது உறுதியாகவில்லை.

நோய் எங்கிருந்து வந்தது என்ற தேடல் தொடங்குவது ஒரு தாளில். ஒரு நோயாளிக்கு ஒரு வரி: வயது, வேலை, ஊர், காய்ச்சல் தொடங்கிய நாள், பக்கத்தில் இருந்தவர்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளை எழுதினால் கணக்கே தப்பிவிடும். தொற்றியதிலிருந்து காய்ச்சல் வர பெரும்பாலும் 4 முதல் 14 நாள். அப்படிப் பின்னோக்கி எண்ணினால், பேராம்பிராவில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரியில்தான் தொற்றியது என்று தெரியும். அவர்கள் தோட்டத்தையெல்லாம் கிளறுவது வீண். முதல் ஆளின் அந்த இரண்டு வாரம் மட்டும்தான் வேண்டும்.

சிக்கலும் அங்கேதான். அந்த முதல் ஆள் இறந்த பிறகு, அடுத்த நோயாளியின் மாதிரியில்தான் நிபா என்று தெரிந்தது. இனி வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டால் "எப்போதும் போலத்தான்" என்பார்கள். வெள்ளிக்கிழமை எங்கே போனார், யார் வீட்டுக் கல்யாணம், எந்த மரம் ஏறினார், கீழே கிடந்த கொய்யாவை யார் எடுத்தது என்று நாளைப் பிடித்துக் கேட்க வேண்டும். மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப்பார்க்க வேண்டும். இழவு வீடு அது; உன் டாக்டர் குரலைத் தாழ்த்தட்டும்.

வவ்வால் காட்சியை இப்படி எழுது. விடியுமுன் மரத்தடியில் பாலிதீன் விரித்துவிடுவார்கள். இரை தேடப் போனவை திரும்பி வந்து தொங்கும்போது மூத்திரம் சொட்டும். இரண்டு அடுக்குக் கையுறை, என்95 முகக்கவசம், கண்ணாடி போட்டுக்கொண்டு பஞ்சுக்குச்சியில் ஒற்றி, வைரஸ் கெடாமல் காக்கும் திரவம் உள்ள சிறு குழாயில் போட்டு, உடனே குளிரில் வைக்க வேண்டும். வெயில் ஏறினால் காய்ந்து வீணாகும். குழாய், அதைச் சுற்றிப் பஞ்சு வைத்த கசியாத டப்பா, வெளியே கெட்டிப் பெட்டி என்று மூன்றடுக்கில் பயணம். வவ்வால் எல்லா நாளும் வைரஸை வெளியேற்றாது. அதனால் 'இல்லை' என்று முடிவு வந்தாலும் அந்த மரத்தை விட்டுவிடக் கூடாது. வெட்டவும் கூடாது, கலைந்த கூட்டம் வேறு தோப்புக்குப் போகும்.

நம் பாலக்காட்டுச் சித்தூர்க் கள்ளைக் குற்றவாளியாக்கியிருக்கிறாய். மனசு கேட்கவில்லை. பச்சையாகக் குடிக்கும் ஈச்சம்பதநீரால் பரவியது வங்கதேசத்தில். இரவில் வவ்வால் வந்து நக்கிவிடுகிறது. அங்கே சீவிய இடத்தில் மூங்கில் தட்டி கட்டச் சொன்னார்கள். இங்கே கள்ளால் வந்ததாக நிரூபணமே இல்லை. மரமேறிப் பிழைப்பவர்கள் உன் கதையைப் படிப்பார்கள், கண்ணு.

திகில் வேண்டுமென்றால் மலேசியாவைப் பார். 1998இல் அங்கே நிபா பரவியபோது, அதைக் கொசுவால் பரவும் ஜப்பான் மூளைக்காய்ச்சல் என்றே நம்பினார்கள். தடுப்பூசி போட்டும் கொசு மருந்து அடித்தும் சாவு நிற்கவில்லை. மூளைக்காய்ச்சல் அதிகம் பிடிப்பது குழந்தைகளை; மலேசியாவில் விழுந்ததோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். வயதும் வேலையும் எழுதிய இரண்டு கட்டங்களிலேயே துப்பு கிடந்தது. உன் டாக்டரும் அங்கே ஒரு நிமிஷம் விரலை நிறுத்தட்டும்.

முதல் ஆளின் இரண்டு நாளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாமல் போகட்டும். அந்தக் கட்டத்தைக் கடைசிவரை நிரப்பாதே. ஆறாவது அத்தியாயத்தைச் சீக்கிரம் அனுப்பு, அம்மா காத்திருக்கிறாள்.

அப்பா