மாடிப்படிக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தனி வீட்டுக்கு வரைபடம் போடும்போது ஹால், படுக்கையறை, பூஜையறை எல்லாவற்றையும் பொருத்திவிட்டு மிச்ச மூலையில் படியைத் திணிப்பது பெரும் தவறு. கணக்கைப் பாருங்கள். தரையிலிருந்து மேல்தளத்தின் அடிவரை 10 அடி, தளக் கனம் 5 அங்குலம். ஏற வேண்டியது 125 அங்குலம். 18 படியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 7 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. முதியவர்களும் ஏறலாம். நடுவில் திரும்பும் படியில் பக்கத்துக்கு 9 ஏற்றம் (படியின் உயரம்), 10 அங்குல மிதி (கால் வைக்கும் பரப்பு) எட்டு; ஒன்பதாவது ஏற்றம் திருப்பத்தில், அதாவது படி திரும்பும் மேடையில், முடியும். அந்தத் திருப்பத்துக்கு 3 அடி. ஆக 9 அடி 8 அங்குல நீளமும் 6 அடி 3 அங்குல அகலமும் (3 அடிப் படி இரண்டு, நடுவில் 3 அங்குல இடைவெளி) சுவருக்கு உள்ளளவாக வேண்டும். மேலே வந்து நிற்க இன்னும் 3 அடி. இடம் குறைந்தால் கொத்தனார் ஏற்றத்தை 9 அங்குலமாக்குவார். முழங்கால்தான் பதில் சொல்லும்.

திருப்பத்துக்கு அடியில் கழிவறை வைப்பது இன்னொரு தொல்லை. அங்கே 5 அடி உயரம்கூடக் கிடைக்காது. தரையைத் தாழ்த்தினால் கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் (சரிவு) போய்விடும். அந்த இடம் இன்வெர்ட்டருக்கும் சாமான்களுக்கும் போதும்.

கம்பி கட்டும் முன்பே தரைப்பூச்சின் கனத்தையும் கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். தரைக்கு 3 அங்குலம், படிக்கு 2 அங்குலம் என்று ஏறினால், முதல் படி ஓர் அங்குலம் குட்டையாகும், கடைசிப் படி ஓர் அங்குலம் உயரும். இறங்கும்போது தடுக்குவது அங்கேதான்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர், தஞ்சாவூர்