வாங்கிய நிலத்தை யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு,

ஊர்மக்களே நிகழ்ச்சி நடத்தி, நிதி திரட்டி, நிலத்தையும் பழைய கட்டடங்களையும் காப்பது பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். மனம் நிறைந்தது. இது இன்று நேற்று வந்த வழியல்ல. இயற்கை நிலங்களையும் பழைய கட்டடங்களையும் காக்க 1895-இல் தொடங்கிய பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு, இங்கிலாந்தின் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையின் பிராண்டெல்ஹோ நிலத்தை 1902-இல் பொதுமக்கள் கொடுத்த பணத்தில்தான் வாங்கியது. சரி, வாங்கியாயிற்று, அப்புறம்? தலையங்கம் அதைத் தொடவில்லை.

அப்படி ஒரு நிகழ்ச்சியில் ரசீது எழுதும் மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு மூதாட்டி நான்காய் மடித்த நோட்டை என் கையில் வைத்து, "வாங்கிடுவீங்க தம்பி, களை யார் பிடுங்குவாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தேன். நட்ட கன்றுகளைக் கொடி மூடியிருந்தது, வேலிக்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. பராமரிப்புக்கென்று நாங்கள் ஒரு பைசாகூட ஒதுக்கியிருக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

எனவே திரளும் பணத்தில் கால்பங்கைப் பராமரிப்புக்கான வைப்புநிதியாகத் தனியே போட வேண்டும். இதை ரசீதிலேயே அச்சிட்டு, ஆண்டுதோறும் அந்த நிலத்திலேயே நன்கொடையாளர்களைக் கூட்டி வரவு செலவைப் படித்துக் காட்டலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்