வீட்டு மாடு எப்படி இருக்கிறது என்று கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நோயாளியைப் பற்றி நீ சொன்னதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பத்து நாள் காய்ச்சல், சிவந்த கண், நடக்கவிடாத கெண்டைக்கால் வலி. மூன்றாம் தடவை வந்தபோது சிறுநீரே இறங்கவில்லை. அப்புறம்தான் அவருடைய மனைவி வாய் திறந்திருக்கிறார்: வெள்ளத் தண்ணீர் தேங்கிய கிடங்கை வெறுங்காலோடு நின்று இரண்டு நாள் சுத்தம் செய்தாராம். "நான் அதைக் கேட்கவே இல்லைப்பா" என்று அழுதாய். போனில் எனக்கு ஆறுதல் சொல்ல வராது, உனக்கே தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எலிக்காய்ச்சலை முதல் வாரத்தில் பிடிப்பது யாருக்குமே கஷ்டம். எல்லாக் காய்ச்சலையும் போலத்தான் தொடங்கும். எலியின் சிறுநீரகத்தில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் குடியிருந்தாலும் எலிக்கு ஒன்றும் செய்யாது. சிறுநீரோடு வெளியே வந்து, தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காலில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தால் போதும், அதற்கு வழி கிடைத்துவிடும். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மருந்துக்கே கேட்டிருக்கும் என்பதுதான் உன்னை அரிக்கிறது. ஆனால் முதல் தடவை அவரைப் பார்த்தவரும்தான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். மனித வைத்தியம் ஒரு கட்டிடத்திலும் கால்நடை வைத்தியம் இன்னொரு கட்டிடத்திலும் நடக்கின்றன. நோய்க்கு அந்தச் சுவரெல்லாம் தெரியாது.

ஒரு விஷயத்தை உன்னிடம் முழுசாகச் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

நீ பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு பசு இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி தொங்குகிறது. தொட்டித் தண்ணீரில் வாயை வைக்கிறது, விழுங்க முடியவில்லை, மூக்கு வழியாகத் திரும்பி வருகிறது. கையுறை எடுத்துப் போகவில்லை. நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டுத் துழாவினேன். எதுவும் சிக்கவில்லை. கையை வெளியே எடுத்தபோதுதான் அது கத்தியது. மாடு கத்துகிற மாதிரியே இல்லை. கம்மி, உடைந்து, விடாமல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. "இதை நாய் ஏதாவது கடித்ததா?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் இல்லை என்று தலையாட்டினார். பக்கத்தில் நின்ற அவருடைய மகன், பத்து வயது இருக்கும், அவன்தான் சொன்னான்: "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி மூஞ்சியில கடிச்சுச்சு, ஆறிப்போச்சு."

என் கட்டைவிரலில் முந்தின நாள் கிழித்த காயம் இருந்தது. அந்தப் பையன் பசுவின் வாயில் கையால் தீனி ஊட்டப் பார்த்திருக்கிறான், அவன் விரலில் பல் பட்ட கீறல். இரண்டு பேரும் சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினோம். அவனையும் அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஊசி போடப் போனேன். அங்கே இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: நாய் கடித்ததா? மாட்டின் எச்சில் பட்டது என்றேன். மாட்டு எச்சிலுக்கெல்லாம் ஊசி கிடையாது என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் மாட்டு டாக்டர், எனக்குத் தெரியும் என்று சத்தம் போட்டு, ஒரு மணி நேரம் வாதாடித்தான் போட வைத்தேன். அந்தப் பையன் அப்பாவோடு மட்டும் போயிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். ரேபிஸில், அதாவது வெறிநாய்க்கடி நோயில், அறிகுறி தெரிந்த பிறகு நம் கையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

பசு நான்காம் நாள் செத்தது. அதன் மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். நரம்பணுக்களுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் தெரிந்தன. ரேபிஸின் அடையாளமாக 1903ல் அடெல்கி நெக்ரி என்ற இத்தாலிய மருத்துவர் முதலில் கண்டுசொன்ன அதே உருண்டைகள். அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிதான். அது முடிகிறவரை உன்னைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. தூக்கினால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று படித்தவன்தான் நான். அப்படியும் கை வரவில்லை. உன் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளி நிற்பாள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டர் முதல் ஊசியைப் போட வைத்தார். விலங்கிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்களுக்கான நாளாக உலகம் அந்த நாளைத்தான் வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு இவ்வளவு காலம் ஓடியும் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸில் சாகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது நாயிடமிருந்து வருகிறது. ஒரு பகுதியில் நூறு நாய்க்கு எழுபதுக்காவது தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் நாய்களுக்குள்ளேயே அறுந்துபோகும். மனிதரைக் காப்பாற்றும் ஊசி, நாயின் தோலில் போடுகிற ஊசி! என் தொழிலில் எனக்குப் பெருமை வருகிற இடம் அதுதான்.

நீ புத்தகத்தில் நிபாவைப் படித்திருப்பாய். அது எப்படிக் கண்ணுக்குத் தப்பியது என்பதையும் தெரிந்துகொள். 1998 கடைசியில் மலேசியாவில் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றிகளோடு வேலை செய்த, நன்றாக வளர்ந்த ஆண்கள். இன்னொன்று, அந்த நோய்க் கிருமி பன்றியின் உடம்பில் பெருகினாலும் வளர்ந்த பன்றி பொதுவாக நோய்வாய்ப்படாது. இங்கேயோ பன்றிகள் குரைக்கிற மாதிரி இருமிக்கொண்டிருந்தன, கொட்டகைக்கு வெளியே தூரத்தில் நின்றாலே கேட்குமாம். 1999 மார்ச்சில் சுவா கா பிங் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் வழி திரும்பியது. அதற்குள் நிறைய நாள் போய்விட்டது. மலேசியாவில் மட்டும் 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். வைரஸ் பழந்தின்னி வௌவாலுடையது. பன்றிக் கொட்டகையை ஒட்டிப் பழமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப்போட்ட பழம் கீழே விழுந்தது, பன்றி தின்றது.

அதே 1999ல் நியூயார்க்கிலும் இப்படித்தான். கோடையில் சிலருக்கு மூளைக்காய்ச்சல் வந்து, செயின்ட் லூயி மூளைக்காய்ச்சல் என்று அறிவித்துவிட்டார்கள். அதே சமயம் காக்கைகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. பிராங்ஸ் உயிரியல் பூங்காவின் கால்நடை நோயியல் மருத்துவர் டிரேசி மெக்நமாரா, பூங்காவின் பூநாரைகளும் சாவதைப் பார்த்து, இது அந்த நோய் இல்லை, அது பறவையைக் கொல்லாது என்று விடாமல் சொன்னார். கடைசியில் அது மேற்கு நைல் வைரஸ் என்று தெரிந்தது. இந்த இரண்டு கதையையும் நான் மாணவர்களுக்குச் சொல்லாத வருஷமே இல்லை.

ஆனால் விலங்கு எப்போதும் முன்கூட்டிச் சொல்லும் என்று நம்பிவிடாதே. மால்டா தீவில் சிப்பாய்களைப் படுத்திய காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் 1887லேயே பிரித்தெடுத்தார். அது ஆட்டுப்பாலில் வருகிறது என்று தெமிஸ்டோக்ளெஸ் ஜம்மிட் என்ற மால்டா மருத்துவர் காட்டியது 1905ல்தான். ஆடுகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன, யார் சந்தேகப்படுவார்கள்? பசு குறைமாதத்தில் கன்றை இழப்பதை நாங்கள் கன்று வீச்சு நோய் என்று சொல்வோம், அதுவும் அந்த இனத்துக் கிருமியால்தான் வருகிறது. வாரக்கணக்கில் ஏறி இறங்குகிற காய்ச்சல், ராத்திரி வியர்வை, இடுப்பு வலி என்று யாராவது வந்தால், வீட்டில் பசு கன்று வீசியதா, நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தீர்களா, காய்ச்சாத பால் குடித்தீர்களா என்று கேட்டுப் பார்.

எப்படிக் கேட்பது என்பது முக்கியம். "விலங்குத் தொடர்பு உண்டா?" என்றால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். மாடு வைத்திருப்பவருக்கு மாடு விலங்கே இல்லை, வீட்டு ஆள். "வீட்டில் மாடு எப்படி இருக்கிறது? நாய் நன்றாகச் சாப்பிடுகிறதா? கோழி ஏதாவது செத்ததா?" என்று கேள். அப்படிக் கேட்டால் தானாகப் பேசுவார்கள். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களிடமும் கேள், பெரியவர்கள் மறந்ததை அவர்கள் சொல்வார்கள். அப்புறம், பயமுறுத்திவிடாதே. வௌவாலைக் கல்லால் அடிக்கவும் வளர்த்த நாயைத் தெருவில் விடவும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். கலைக்கப்பட்ட வௌவால் இன்னொரு இடத்தில் போய் அடையும். தெருவில் விட்ட நாய்க்கு அதோடு தடுப்பூசி நின்றுபோகும்.

சந்தேகம் வந்தால் உன் பக்கத்திலிருக்கும் கால்நடை மருத்துவர் ஒருவரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள். என்னையும் எந்த நேரத்திலும் கூப்பிடு, ராத்திரி இரண்டு மணியானாலும் சரி.

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள். அந்த மனிதருக்கு இன்று சிறுநீர் எவ்வளவு இறங்கியது, ரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் குறைந்ததா என்று சாயங்காலம் ஒரு வரி அனுப்பு. எலிக்காய்ச்சலில் கெட்ட சிறுநீரகம் பெரும்பாலும் திரும்பிவிடும். அவருடைய மனைவியிடம் இன்னொன்றும் கேட்டுவிடு: அந்தக் கிடங்கை அவரோடு சேர்ந்து வேறு யார் சுத்தம் செய்தார்கள்?

அன்புடன்,
அப்பா